தபசு மரத்தடியில்

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குக் கூத்தும் ஒரு பிரதிதான். பொதட்டூர்பேட்டையில் அர்ச்சுனன் தபசின்போது நோட்டும் பேனாவுமாகப் பாட்டு வரிகளைத் துரத்திக்கொண்டிருந்தேன். 'தெரிஞ்ச கதைதானே தம்பி, இன்னாத்த எழுதிக்கினு இருக்கீங்க?' என்றார் பக்கத்திலிருந்த நெசவுக்காரப் பெரியவர். நியாயம்தான். கதை தெரிந்தவர்களுக்காகவே நடப்பது கூத்து. எப்படி ஏறுகிறான், எந்தப் படியில் நின்று பாடுகிறான் என்று பார்க்கத்தான் கூட்டம். உச்சியிலிருந்து அர்ச்சுனன் எறியும் எலுமிச்சம்பழத்துக்காகப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி நிற்கிறார்கள். இவர்களைப் பார்வையாளர் என்பதா, பாத்திரம் என்பதா? 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கிய பிறகு நகரத்து அரங்குகளிலும் கூத்தின் அடவைப் பார்த்திருக்கிறோம். உடம்பும் குரலும் அங்கேயும் உண்டு. ஏந்துகிற மடி கிடையாது. நோட்டை மூடினேன். என் தோளில் பட்டு விழுந்த பழத்தைப் பின்னாலிருந்த அம்மா பாய்ந்து எடுத்துக்கொண்டார்.