30 நிமிடத்தில் ஆட்சி மாற்றம்: பாக்டீரியாவை வைரஸ் கைப்பற்றுவது எப்படி?

வைரஸ் என்றாலே ஜலதோஷம், டெங்கு, கொரோனா என்று நம்மைத் தாக்கும் கிருமிகள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், பாக்டீரியாவை மட்டுமே குறிவைக்கும் வைரஸ்களும் ஏராளமாக இருக்கின்றன. கடல், மண், சாக்கடை, நம்ம குடல் என்று பாக்டீரியா வாழும் இடமெல்லாம் இவையும் இருக்கும். இவற்றுக்கு ‘பாக்டீரியோஃபேஜ்’ என்று பெயர். சுருக்கமாக, ‘ஃபேஜ்’.

1917இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் டெரெல் இந்தப் பெயரை வைத்தார். ‘பாக்டீரியாவைத் தின்பது’ என்று அர்த்தம். உண்மையில் ஃபேஜ் எதையும் தின்பதில்லை. பாக்டீரியாவை உயிரோடு பிடித்து, அதனிடமே வேலை வாங்குகிறது.

ஏன் கைப்பற்ற வேண்டும்?

வைரஸிடம் இருப்பது சமையல் குறிப்பு மட்டும்தான். அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை, மளிகையும் இல்லை. புரதம் தயாரிக்கும் ரைபோசோம், அதற்கான ஆற்றல், மூலப்பொருள் எல்லாமே பாக்டீரியாவின் செல்லுக்குள் இருக்கின்றன. அதனால், உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் உடைத்துப்போட்டால் வைரஸுக்குத்தான் நஷ்டம். அடுப்பு எரிய வேண்டும். ஆனால், வேறு சமையல் நடக்க வேண்டும்.

இதை எப்படிச் சாதிக்கிறது? மிக அதிகமாக ஆராயப்பட்ட ஃபேஜ்களில் ஒன்றான ‘டி4’ஐப் பார்ப்போம். இதன் இலக்கு, நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா.

நுழைவு

டி4க்கு ஒரு தலை, ஒரு வால், வாலின் அடியில் ஆறு நீண்ட கால்கள். தலைக்குள் சுமார் 1.69 லட்சம் எழுத்து ஜோடிகள் கொண்ட டிஎன்ஏ இருக்கிறது. கால்கள் பாக்டீரியாவின் மேற்பரப்பைத் தடவிப் பார்க்கும். தனக்குப் பொருந்தும் மூலக்கூறு கிடைக்கவில்லையென்றால் விலகிவிடும். கிடைத்துவிட்டால், வாலின் அடிப்பகுதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். வாலின் வெளி உறை சுருங்க, உள்குழாய் பாக்டீரியாவைத் துளைக்கும். குழாயின் நுனியில் இருக்கும் நொதி செல்சுவரைக் கரைக்கும். டிஎன்ஏ உள்ளே போய்விடும். காலி ஓடு வெளியிலேயே நிற்கும்.

முதல் சில நிமிடங்கள்

செல்லின் டிஎன்ஏவைப் படித்து உத்தரவுகளாக மாற்றுவது ‘ஆர்என்ஏ பாலிமரேஸ்’ என்ற நொதி. டி4 தனக்கென்று இப்படி ஒரு நொதியைக் கொண்டுவருவதில்லை. இருக்கும் ஆளையே வளைத்துப்போடுகிறது.

டிஎன்ஏவோடு சேர்ந்து உள்ளே வரும் ஒரு புரதம், அந்த நொதியில் சிறிய வேதி மாற்றத்தைச் செய்கிறது. இதனால், வைரஸின் மரபணுக்களுக்கு முன்னுரிமை கிடைக்கிறது. அப்படித் தயாராகும் புதிய புரதங்கள், பாலிமரேஸை அடுத்தகட்ட வைரஸ் மரபணுக்களை நோக்கித் திருப்பிவிடுகின்றன. பாக்டீரியாவின் சொந்த மரபணுக்களைப் படிப்பது நின்றுபோகிறது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிய கதைதான்!

பழைய ஆவணங்கள் அழிப்பு

அடுத்து, டி4இன் நொதிகள் பாக்டீரியாவின் டிஎன்ஏவைத் துண்டுதுண்டாக வெட்டுகின்றன. சரி, வைரஸின் டிஎன்ஏவும் அதே அறைக்குள்தானே இருக்கிறது, அது ஏன் வெட்டுப்படுவதில்லை?

இங்கேதான் தந்திரம். டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்று சைட்டோசின். டி4 தன் டிஎன்ஏவில் அதற்குப் பதிலாக, சற்றே மாற்றியமைக்கப்பட்ட சைட்டோசினைப் பயன்படுத்துகிறது. சாதாரண சைட்டோசின் இருக்கும் டிஎன்ஏதான் வெட்டுப்படும். அந்தத் துண்டுகளும் வீணாவதில்லை; வைரஸின் புதிய டிஎன்ஏவுக்கு மூலப்பொருளாகிவிடுகின்றன.

பிறகு தலை, வால், கால்கள் மூன்றும் தனித்தனியாகத் தயாராகின்றன. ஒரு நுண்மோட்டார் டிஎன்ஏவைத் தலைக்குள் திணிக்கிறது. அதன் பிறகு வாலும், கடைசியாகக் கால்களும் பொருத்தப்படுகின்றன.

வெளியேற்றம்

எல்லாம் தயாரானதும், ‘ஹோலின்’ என்ற புரதம் செல்லின் உள்சவ்வில் ஓட்டை போடுகிறது. அதன் வழியே வரும் இன்னொரு நொதி செல்சுவரைக் கரைக்கிறது. உள் அழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடிக்கிறது. 37 டிகிரி செல்சியஸில், நுழைவிலிருந்து வெடிப்பு வரை 25 முதல் 30 நிமிடங்கள். ஒன்றாக உள்ளே போனது, நூறுக்கும் மேலாக வெளியே வருகிறது.

எல்லா ஃபேஜும் கொல்லுமா?

இல்லை. ‘லாம்டா’ போன்ற ஃபேஜ்கள் வேறு வழியும் வைத்திருக்கின்றன. தங்கள் டிஎன்ஏவை பாக்டீரியாவின் டிஎன்ஏவிலேயே ஒட்டவைத்துவிட்டு, சத்தமில்லாமல் இருந்துவிடும். பாக்டீரியா பெருகும்போதெல்லாம் வைரஸின் டிஎன்ஏவும் இலவசமாகப் பிரதியாகும். புற ஊதாக் கதிர் போன்றவற்றால் பாக்டீரியாவின் டிஎன்ஏ சேதமானால், வைரஸ் விழித்துக்கொண்டு கொலை வழிக்கு மாறிவிடும்.

இப்படித் தங்கும் விருந்தாளி சில நேரம் ஆயுதத்தோடு வரும். வயிற்றுப்போக்கால் ஆளையே சாய்க்கும் காலரா நச்சு இருப்பதை 1959இல் கொல்கத்தா விஞ்ஞானி சம்புநாத் டே நிரூபித்தார். அந்த நச்சுக்கான மரபணு, பாக்டீரியாவுக்குள் குடியேறிய ஒரு ஃபேஜுக்குச் சொந்தமானது என்பதை 1996இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மேத்யூ வால்டோரும் ஜான் மெக்கலனோஸும் காட்டினார்கள். தொண்டை அடைப்பான் நோயின் நச்சு மரபணுவும் ஃபேஜ் கொண்டுவந்ததுதான்.

நமக்கு இதில் என்ன?

ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகும் காலம் இது. 2016இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில், எந்த ஆன்டிபயாடிக்கும் பலனளிக்காமல் கோமாவில் கிடந்த பேராசிரியர் டாம் பேட்டர்சனுக்கு ஃபேஜ்களை ரத்தத்தில் செலுத்தி மருத்துவர்கள் காப்பாற்றினார்கள். ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் உள்ள எலியாவா நிறுவனம் 1923 முதலே ஃபேஜ் ஆராய்ச்சியில் இருக்கிறது.

ஆனாலும், பெரும்பாலான நாடுகளில் இது வழக்கமான சிகிச்சையாகவில்லை. காரணம், மேலே பார்த்த விஷயங்கள்தான். ஒரு ஃபேஜின் கால்கள் குறிப்பிட்ட சில பாக்டீரியாக்களை மட்டுமே அடையாளம் காணும். எனவே, நோயாளியின் உடலில் இருக்கும் கிருமிக்குப் பொருந்துவதைத் தேடிப் பிடிக்க வேண்டும். பாக்டீரியாவும் சும்மா இருக்காது. மேற்பரப்பை மாற்றிக்கொண்டு ஃபேஜை ஏமாற்றும். அதனால்தான் பல ஃபேஜ்களைக் கலந்து கொடுக்கிறார்கள்.

முக்கியமாக, லாம்டா வகை ஃபேஜைத் தெரியாமல் கொடுத்துவிட்டால், கிருமியைக் கொல்வதற்குப் பதிலாக அதனோடு குடித்தனம் நடத்தலாம். நச்சு மரபணுவைப் பரிசளிக்கவும் செய்யலாம். அதனால், சிகிச்சைக்கு முன் ஃபேஜின் டிஎன்ஏ முழுவதையும் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருந்தாகப் போகும் வைரஸ், கிருமிக்குள் நுழைவது மட்டும் போதாது. நுழைந்த பிறகு அது கொல்லுமா, குடியிருக்குமா என்பதில்தான் நோயாளியின் உயிர் இருக்கிறது.