ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த கதை

1871-இல் 19½ லட்சத்துக்கு மேலிருந்த சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1881-இல் 16 லட்சமாகச் சுருங்கிப்போனதற்குத் தாது வருஷப் பஞ்சமே முக்கிய காரணம். பெரும் பங்கை எமன் கொண்டுபோனான். மிஞ்சியவர்களைத் தேடி ஆள்பிடிக்கும் தரகர்கள் வந்தார்கள். கம்பும் சோளமும் கருகிக் கிடந்த காட்டைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்த நாமக்கல் பக்கத்துக் குடியானவனுக்கு, கடலுக்கு அப்பால் வேலையும் சோறும் உண்டென்ற ஒரு வார்த்தை போதாதா?

ஒப்பந்தத்தில் அவன் வைத்த கைநாட்டின் அர்த்தம் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில்தான் விளங்கிற்று. ஐந்து வருஷம் கரும்புத் தோட்டத்தில் உழைப்பு; முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் சம்பளம்; அனுமதிச் சீட்டில்லாமல் தோட்டத்துக்கு வெளியே கால் வைத்தாலோ வேலைக்கு வராமல் நின்றாலோ சிறை. ஒப்பந்தம் தீர்ந்தபின் அங்கேயே தங்க விரும்பினாலோ, 1895-ஆம் வருஷச் சட்டப்படி ஆண்டுக்கு 3 பவுன் வரி, அதாவது அந்தச் சம்பளக் கணக்கில் ஆறு மாதக் கூலி!

அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வீட்டில் சேர்ப்பதில்லையென்று விரதம் பூண்ட சாமான்யக் குடும்பங்களும், பார்லிமெண்டில் வந்து குவிந்த மனுக்களும் 1807-இல் பிரிட்டனின் அடிமை வியாபாரத்தை ஒழிக்கத் துணைநின்றன என்று சரித்திரக்காரர்கள் மெச்சுவார்கள்; மெச்சட்டும். பின்னர் அடிமைகள் விடுபட்ட மொரீஷியஸ் முதலிய தீவுகளின் கரும்புக் காடுகளுக்கு நம்மவர்களைக் கொண்டுபோன சாமர்த்தியத்தையும் அவர்கள் சேர்த்தே எழுத வேண்டும்.

இந்தப் புதிய கட்டை அவிழ்த்தவை பெரும்பாலும் பத்திரிகையும் மேடையுமே. 1909-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த, காந்தியின் சகாவான போலக் ஊர் ஊராகப் பேசினார். அவருடைய நூலைச் சென்னையில் அச்சிட்ட ஜி. ஏ. நடேசனே, டிரான்ஸ்வால் சர்க்கார் நாடு கடத்திய தமிழர்கள் கரையிறங்கியபோது அவர்களுக்கு ஆதரவளித்தவரும். சேலத்தில் அப்போது வக்கீல் தொழில் நடத்திய ராஜாஜி, காந்தியின் தென்னாப்பிரிக்கச் சிறை அனுபவங்களை அச்சிட்டு வெளியிட்டதோடு, அங்கே அவர் நடத்திய போராட்டத்துக்கு நிதியும் அனுப்பினார்.

1911 ஜூலையில் நேட்டாலுக்கு ஆள் அனுப்புவது நின்றது. ஆனால், ஒப்பந்தக் கூலி முறையையே ஒழிக்கக் கோரி 1912 மார்ச் 4-இல் இந்தியச் சட்டசபையில் கோகலே கொண்டுவந்த தீர்மானம், 22 பேர் ஆதரித்தும் 33 பேர் எதிர்த்ததால் தோற்றது. சட்டசபைக்கு வெளியேதான் அது ஜயித்தது. 1913-இல் தமிழ்ப் பெண்கள் நேட்டாலின் நியூகாசில் சுரங்கத் தொழிலாளரைத் தட்டியெழுப்பிச் சிறை புகுந்த செய்தி வந்த பிறகு, வைசிராய் ஹார்டிஞ்சே சென்னையில் பகிரங்கமாக அனுதாபம் தெரிவிக்கும்படி ஆயிற்று. 1916-இல், முறையை ஒழிக்கக் கோரிய மாளவியாவின் தீர்மானத்தைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டு, பின் காலங்கடத்தப் பார்த்தது. ஊரெங்கும் கண்டனக் கூட்டங்கள் நடந்து, ஸ்திரீகளின் தூதுக்குழுவும் வைசிராயைக் கண்ட பிறகே, 1917 மார்ச்சில் ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதற்குத் தடை வந்தது.

ஆள்சேர்த்து மேய்க்கும் மேஸ்திரியான கங்காணியின் கையில் கூலிகளை விட்ட இலங்கைத் தோட்டங்களின் கங்காணி முறை இதனால் ஒழிந்துவிடவில்லை. கூலியின் கடனை எழுதிய 'துண்டு' ஒன்றைக் கொண்டே அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றும் வழக்கம், பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் அங்கே தொழிலாளருக்காக வாதாடிய பின் 1921-இல்தான் முடிந்தது. நேட்டாலுக்காக முழங்கிய நம் மேடைகள் கண்டிச் சீமைக்காக அவ்வளவு உரக்க முழங்கவில்லையென்றே எனக்குப் படுகிறது. ராமேசுவரத்துக்கு அப்பால் கூப்பிடு தூரம்தானே என்ற அசட்டை போலும்.