கோடிட்ட இடத்தில் நிற்கும் ஆங்கிலம்

எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு டென்ஸ் சார்ட் தொங்கும். மேலே மூன்று காலம், பக்கவாட்டில் நான்கு வகை, ஆக மொத்தம் 12 கட்டம். எல்லாக் கட்டத்திலும் ஒரே ஆள் சாப்பிட்டுக்கொண்டே இருப்பான். 'ஹீ ஈட்ஸ்', 'ஹீ இஸ் ஈட்டிங்', 'ஹீ ஹேஸ் ஈட்டன்' என்று போய், கடைசிக் கட்டத்தில் 'ஹீ வில் ஹேவ் பீன் ஈட்டிங்'. இத்தனை வருஷத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் 12 கட்டத்தையும் தலைகீழாக ஒப்பிப்பேன். கோடிட்ட இடத்தை நிரப்புக என்றால் முழு மார்க்தான்.

பிறகு முதல் வேலைக்கான நேர்காணல். ஊரிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று எதிரே இருந்தவர் ஆங்கிலத்தில் கேட்டார். 'யெஸ்டர்டே நைட் ஐ டிட் கேம் சார்' என்றேன். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. தலையைக் குனிந்து தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

'டிட்' வந்தால் பின்னால் 'கம்' என்பது எனக்கு அன்றைக்கும் தெரியும். எழுதச் சொல்லியிருந்தால் சரியாக எழுதியிருப்பேன். தெரிந்த விதி வாய்க்கு வராமல் எங்கே நின்றுவிடுகிறது? மொழியியலாளர்களும் உளவியலாளர்களும் இந்தக் கேள்வியை அரை நூற்றாண்டுக்கு மேலாகக் குடைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதில் பாதியாவது பள்ளிக்கூடத்துக்குள் வந்திருந்தால் அந்த சார்ட்டை எப்போதோ கழற்றியிருப்பார்கள்.

முதலில், தாய்மொழியாக ஆங்கிலம் பேசும் குழந்தைக்கு இறந்தகாலம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். அமெரிக்காவில் ஜீன் பெர்கோ என்ற ஆய்வாளர் 1958இல் ஒரு சோதனையை வெளியிட்டார். நான்கு முதல் ஏழு வயதுக் குழந்தைகளிடம் ஒரு படத்தைக் காட்டுவார். ஒரு மனிதன் விநோதமாக ஏதோ செய்துகொண்டிருப்பான். 'இவனுக்கு கிளிங் செய்யத் தெரியும். நேற்றும் அதையே செய்தான். நேற்று அவன்...' என்று நிறுத்துவார். கிளிங் என்று ஒரு வினைச்சொல்லே கிடையாது, பெர்கோ இட்டுக்கட்டியது. குழந்தைகள் பெரும்பாலும் தயங்காமல் 'கிளிங்ட்' என்றார்கள். யாரும் சொல்லிக்கொடுத்திராத சொல்லுக்குக் காலம் சேர்த்துவிட்டார்கள் என்றால், அது மனப்பாடம் இல்லை. விதி உள்ளே இறங்கியிருக்கிறது. அதே சொல்லைப் பெரியவர்களிடம் கொடுத்தபோது பலர் 'கிளாங்' என்றார்கள். சிங்–சாங், ரிங்–ராங் என்று கேட்டுக் கேட்டுப் பழகிய காது அப்படி இழுத்துவிட்டது.

இரண்டு சரக்கு இருக்கிறது, பாருங்கள். ஒன்று விதி, மற்றொன்று நினைவு. 'வென்ட்' என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த ஆங்கிலக் குழந்தை, விதியைப் பிடித்ததும் கொஞ்ச காலம் 'கோட்' என்று உளறும். பிறகு மறுபடி 'வென்ட்'டுக்கே வந்துசேரும். நம் பிள்ளை 'கோட்' என்றால் தலையில் குட்டுகிறோம். உண்மையில் அது விதியைக் கண்டுபிடித்ததன் அடையாளம்.

விதிக்கு அடங்காத வினைகளைக் காப்பாற்றுவது புழக்கம்தான். 2007இல் எரெஸ் லீபர்மன் என்பவரும் சகாக்களும் 'நேச்சர்' இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கில்லாமல் இருந்த 177 வினைகளை எடுத்து, அவற்றின் கதி என்ன என்று தேடினார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் 145 மிஞ்சின. இன்றைக்கு 98. மற்றவை எல்லாம் கடைசியில் 'எட்' சேர்த்துக்கொண்டு சாதுவாகிவிட்டன. 'ஹெல்ப்' என்பதற்கு ஒரு காலத்தில் 'ஹோல்ப்' என்று இறந்தகாலம் இருந்தது, இன்று 'ஹெல்ப்ட்'. ஒரு வினை நூறு மடங்கு குறைவாகப் பேசப்பட்டால் பத்து மடங்கு வேகமாகச் சாதுவாகும் என்பது அவர்கள் கண்ட சூத்திரம். அதிகம் புழங்கும் பத்து ஆங்கில வினைகளும் இன்றுவரை அடங்காதவையே. தினமும் வாயில் புரள்வதை மறக்க வழியில்லை. புரளாததை மறந்துவிட்டு விதியைப் போட்டுவிடுகிறோம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, இலக்கணப் புத்தகத்தின் பின்பக்க அட்டவணையைப் பார்த்தால் சிரிப்பு வரும். அகர வரிசைப்படி அது 'அபைட் – அபோட்' என்று தொடங்கும். பிழைப்புக்குத் தேவையான 'கோ'வும் 'சே'யும் 'டேக்'கும் எங்கோ நடுவில் கிடக்கும். பிள்ளை முதல் பக்கத்திலேயே களைத்துவிடும். புழக்கத்தில் முன்னே நிற்கும் இருபது வினைகளை மட்டும் பழகச் சொன்னால் பாதிப் பேச்சு கைக்கு வந்துவிடும்.

சரி, எனக்கு மானம் போன 'டிட் கேம்' விஷயத்துக்கு வருகிறேன். அதற்கான மருந்து தமிழிலேயே இருந்தது என்பதை ரொம்பப் பிந்தித்தான் கவனித்தேன்.

'வந்தேன்' என்பதற்கு எதிர்மறை என்ன? 'வரவில்லை'. 'வந்தவில்லை' என்று எந்தத் தமிழ்க் குழந்தையாவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? 'வந்தேன்' என்பதில் காலம் காட்டும் உறுப்பு இருக்கிறது. 'இல்லை' வந்து ஒட்டியதும் அது கழன்றுகொள்ள, 'வர' என்ற மொட்டை உருவம் மட்டும் நிற்கிறது. போனேன் – போகவில்லை. சாப்பிட்டேன் – சாப்பிடவில்லை. ஆங்கிலமும் கிட்டத்தட்ட இதையே செய்கிறது. கேம் – டிட் நாட் கம். வென்ட் – டிட் நாட் கோ. ஏட் – டிட் நாட் ஈட். காலத்தை 'டிட்' தூக்கிக்கொள்வதால் வினை மொட்டையாகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. நம் 'வரவில்லை'யில் காலமே கிடையாது. நேற்றா, இன்றா என்பதைச் சந்தர்ப்பம்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலம் அந்தக் காலத்தை விட்டுவிடாமல் 'டிட்'டுக்கு மாற்றிவிடுகிறது.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். 'வந்தவில்லைன்னு சொல்லிப் பாரு' என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். 'டிட் நாட் கேம் அப்படின்னாலும் அவங்களுக்கு இப்படித்தான் மாமா கேக்குமா?' என்றாள். அதற்குமேல் நான் விளக்க ஒன்றுமில்லை. கேள்வி வாக்கியத்துக்கு மட்டும் இந்த உபாயம் உதவாது. 'வந்தாயா' என்பதில் காலம் அப்படியே நிற்கும், 'டிட் யூ கம்' என்பதில் நகர்ந்துவிடும். அதைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

இன்னொன்று, பலரையும் படுத்துகிற பிரெசன்ட் பெர்ஃபெக்ட். நம்மிடம் 'இரு' இருக்கிறது. காலையில் கதவைத் திறக்கிறோம், தெரு நனைந்திருக்கிறது. 'மழை பெய்திருக்கிறது' என்கிறோம். பெய்தது முடிந்துபோன விஷயம். 'இருக்கிறது' என்பது இப்போது கண்முன்னே உள்ள தடயம். ஆங்கிலத்தில் 'இட் ஹேஸ் ரெயின்ட்'. அங்கேயும் 'ஹேஸ்' நிகழ்காலம்தான். முடிந்த செயலை இன்றோடு முடிச்சுப் போடும் வேலையை இரண்டு மொழியும் ஒரு துணைவினையை வைத்தே செய்கின்றன.

பிரிவது எங்கே தெரியுமா? 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' வந்துவிட்டால் 'ஹேஸ்' கூடாது. முடிச்சு இன்றோடு இருக்கும்போது நேற்றின் தேதியைச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஏன் கூடாது என்று மொழியியலாளர்களே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வுல்ஃப்காங் கிளைன் 1992இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே 'பிரெசன்ட் பெர்ஃபெக்ட் புதிர்' என்று இருக்கிறது. அவர்களுக்கே புதிர் என்றால் நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

'பத்து வருஷமா இங்கேதான் இருக்கேன்' என்பதை 'ஐ ஆம் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்' என்று சொல்லிவிடுவதும் இந்த வகைதான். நாம் நிகழ்காலத்தில் நின்றுகொண்டு பின்னால் கை நீட்டுகிறோம். ஆங்கிலம் 'ஹேவ் பீன்' கேட்கிறது.

எல்லாப் பழியையும் தமிழ்மேல் போடுவதும் நியாயமில்லை. 'ஐ ஆம் நோயிங்' என்பதைத் தாய்மொழியின் பாதிப்பு என்று கேலி செய்வார்கள். தமிழில் 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று யார் சொல்கிறார்கள்? 'தெரியும்' என்று முடித்துவிடுகிறோம். என் சந்தேகம் வகுப்பறையின் மேல்தான். 'ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்', 'ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்' என்று நடித்துக் காட்டியே தொடங்கியதால், ஆங்கிலம் என்றாலே 'இங்' என்று படிந்துபோனது. எதைப் பழக்கினார்களோ அது வந்திருக்கிறது.

எதைப் பழகுகிறோமோ அது மட்டும்தான் வரும் என்பதை ராபர்ட் டிகைசர் என்ற ஆய்வாளர் 1997இல் சோதனை வழியாகவே காட்டினார். அவர் சொந்தமாக ஒரு குட்டி மொழியை உருவாக்கி, அதன் இலக்கணத்தைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்தார். சில விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ள மட்டும் பழக்கினார். வேறு சில விதிகளை வாக்கியம் அமைக்க மட்டும் பழக்கினார். வாரக்கணக்கில் பயிற்சி. பழகிய வழியில் வேகமும் துல்லியமும் ஏறின. புரிந்துகொள்ளப் பழகிய விதியை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னால் தடுமாறினார்கள். அமைக்கப் பழகியதைப் புரிந்துகொள்ளச் சொன்னாலும் அதே தடுமாற்றம். கோடிட்ட இடத்தை நிரப்பிப் பழகியவன் கோடிட்ட இடத்தை நிரப்புவதில் சூரனாவான். பேச வேண்டுமென்றால் பேசித்தான் ஆக வேண்டும்.

இதே பாடத்தை நம் ஊர் ஒரு தடவை நேரில் பார்த்திருக்கிறது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் ஒரு முயற்சி நடத்தினார். டென்ஸ் பாடமே கிடையாது. ரயில் கால அட்டவணையைக் கையில் கொடுத்து, 'இந்த வண்டியைத் தவறவிட்டால் அடுத்தது எத்தனை மணிக்கு?' என்பதுபோல ஆங்கிலத்திலேயே கணக்குப் போடச் சொல்வார்கள். கவனமெல்லாம் விடையில் இருக்கும். இலக்கணம் தன்பாட்டுக்கு உள்ளே போகட்டும் என்பது ஏற்பாடு. முடிவில் ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்ற இருவர் அந்த வகுப்புகளை வழக்கமான வகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். இலக்கண அமைப்புகளைக் கேட்கும் தேர்வில் வழக்கமான வகுப்பு முந்தியது. ஆங்கிலத்தைக் கொண்டு ஒரு வேலையை முடிக்கும் தேர்வில் பிரபுவின் வகுப்பு முந்தியது. உலகம் முழுக்க ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் 'பெங்களூர் திட்டம்' என்று இதைப் படிக்கிறார்கள். இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்?

விதியே வேண்டாம் என்ற அளவுக்கு நான் பிரபுவோடு போக மாட்டேன். வளர்ந்தவர்களுக்கு ஒரு வரி விளக்கம் எத்தனையோ நாள் தடுமாற்றத்தை மிச்சப்படுத்தும். விளக்கம் ஐந்து நிமிடம், பழக்கம் ஐம்பது நிமிடம் என்று இருக்க வேண்டியது நம் ஊரில் தலைகீழாகக் கிடக்கிறது.

எப்படிப் பழகுவது என்பதிலும் இரண்டு சேதி உண்டு. திங்கள் முழுக்க இறந்தகாலம், செவ்வாய் முழுக்க பெர்ஃபெக்ட் என்று பிரித்துப் பழகினால் அன்றன்று மார்க் நன்றாக வரும். எல்லாவற்றையும் கலந்துகட்டிக் கொடுத்தால் தப்பு கூடும். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் கலந்து பழகியவர்கள்தான் முன்னே நிற்கிறார்கள். ஜப்பானில் ஆங்கிலம் படிப்பவர்களுக்கு ஐந்து இலக்கண அமைப்புகளைக் கொடுத்துச் சோதித்து, நகாடா, சுசுகி என்ற ஆய்வாளர்கள் இதை 2019இல் வெளியிட்டார்கள். காரணம் எளிது. இன்றைக்கு இறந்தகாலம் என்று தெரிந்தே உட்கார்ந்தவனுக்கு எந்தக் காலம் என்று யோசிக்கும் வேலையே இல்லை. பேச்சில் அந்த யோசனைதான் முக்கால் பங்கு.

மற்றது, பார்க்காமல் எழுதுவது. ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் கல்லூரி மாணவர்களைக் கொண்டு செய்த சோதனையில், ஒரு கூட்டம் ஒரு பத்தியை நான்கு சுற்று படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து? படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. அது இலக்கணச் சோதனை அல்ல, வெறும் வாசிப்புப் பத்திதான். ஆனாலும் டென்ஸ் சார்ட்டை நூறு தடவை பார்த்த என் தலையெழுத்தை அந்த நான்கு எண்களும் சொல்லிவிட்டன.

'ஹீ கோஸ்' என்பதன் 'ஸ்' விட்டுப்போகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரோஜர் பிரவுன் 1973இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வில், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கு 'இங்' முதலில் வந்தது. இந்த 'ஸ்' வெகுவாகப் பிந்தித்தான் வந்தது. 'ஹீ' என்று ஆளைச் சொன்ன பிறகு 'ஸ்' புதிதாக எதையும் சொல்வதில்லை. கேட்பவருக்கு எப்படியும் புரிந்துவிடும். கடைசியாகத் திருத்திக்கொள்ள வேண்டிய தப்பு அது; அதற்காகப் பிள்ளையின் வாயை முதலிலேயே அடைத்துவிடாதீர்கள்.

ராத்திரி படுக்கப்போகும் முன் ஐந்து வரி போதும். இன்றைக்கு என்ன செய்தேன், எதைச் செய்யவில்லை, தினமும் என்ன செய்கிறேன், இதுவரை எதை முடித்திருக்கிறேன், நாளைக்கு என்ன செய்வேன். சார்ட்டைப் பார்க்காமல் உங்கள் சொந்த நாளைப் பற்றியே எழுதி, ஒருமுறை உரக்கப் படியுங்கள். தப்பு வரட்டும். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு, அதே நாளைப் பற்றி மறுபடி எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தப்புகளை எண்ணிப் பாருங்கள்.