கேட்டு வாங்கிய படம்

நான் புத்தக அட்டைகள் செய்கிறவள். சென்னையில் இருந்துகொண்டு பெரும்பாலும் சிறிய பதிப்பகங்களுக்குச் செய்கிறேன். கடையில் கையிலெடுத்துப் பார்ப்பவருக்கு அட்டை என்பது ஒரே படம். என் கணினியில் அதுவே பதினைந்து இருபது லேயர்களாகக் கிடக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வானம். அதன்மேல் தொலைவில் ஒரு பனங்காடு. காரை பெயர்ந்த ஒரு சுவரைப் படமாக எடுத்து, மங்கலாக்கி, முழுப் பரப்பின் மீதும் போர்த்தியிருப்பேன். அட்டைக்குப் பழமை தருவது அந்தச் சுவர்தான். பிறகு ஒரு மனித உருவம், அதன் நிழல், நிறத்தைச் சரிசெய்ய இரண்டு மூன்று லேயர்கள், கடைசியாக எழுத்து. இதில் வானம் நான் வரைந்ததல்ல. சுவரும் என்னுடையதல்ல. அந்த மனிதரோ எங்கோ வாழ்ந்துகொண்டிருப்பவர். யாரோ ஒருவர் விடியுமுன் எழுந்து, பேருந்து பிடித்துப் போய், வெயிலில் நின்று எடுத்த படங்கள் இவை.

அந்த ஒருவரிடம் கேட்டோமா? இந்தக் கேள்வியை என் தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்வது குறைவு. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வரும். டிசம்பரில் எல்லாப் பதிப்பாளர்களுக்கும் ஒரே வாரத்தில் அட்டை வேண்டும். “நெட்ல நல்லதா ஒண்ணு எடுத்துப் போட்டுடுங்க மேடம்” என்பார்கள். அவர்களிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. இணையத்தில் இருப்பது எல்லாருக்கும் பொது என்று உண்மையாகவே நினைக்கிறார்கள். இளம் டிசைனர்கள் இன்னொன்று சொல்வார்கள்: முப்பது சதவீதம் மாற்றிவிட்டால் அது நம் படம். இந்தக் கணக்கு எங்கிருந்து கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் கல்லூரி மாணவர்கள்வரை பரவியிருக்கிறது. சட்டத்தில் அப்படி ஒரு சதவீதமே கிடையாது.

சட்டம் சொல்வது எளிமையானது. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்தைக் கலைப்படைப்பு என்கிறது; அதில் கலைநயம் இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. செல்போனில் எடுத்த படமும் கணக்கில் வரும். படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். எங்கும் பதிவு செய்ய வேண்டாம், மூலையில் பெயர் பொறிக்கவும் வேண்டாம். எடுத்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. முன்பு புகைப்படத்துக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்தான் பாதுகாப்பு. 2012-இல் வந்த திருத்தம் அதை மாற்றி, எழுத்தாளருக்கு இருப்பதுபோல, எடுத்தவரின் ஆயுள் முழுதும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் என்று ஆக்கியது.

ஒரு விதிவிலக்கு பலருக்கு வியப்பாக இருக்கும். நாம் பணம் கொடுத்து, நம் வேண்டுகோளின் பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் நாம்தான். உங்கள் கல்யாண ஆல்பம் உங்களுடையது. ஸ்டூடியோக்காரர் அதை எடுத்து ஒரு டிசைனருக்குக் கொடுத்தால், டிசைனர் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் கற்றுக்கொள்வதற்காக ஒரு படத்தைப் பார்த்து வரைந்து பழகுவதைச் சட்டம் தடுக்கவில்லை. விமர்சனம் எழுதும்போது அந்தப் படத்தைக் காட்டுவதற்கும் இடமுண்டு. அட்டை, சுவரொட்டி, டி-ஷர்ட், விற்பனைக்கு வைக்கும் பிரிண்ட் என்று வெளியே போகும்போதுதான் அனுமதி தேவைப்படுகிறது. கீழே பெயர் போட்டுவிட்டால் சரியாகிவிடாதா என்பார்கள். பெயர் போடுவது மரியாதை. எடுத்தவருக்கு அதற்குத் தனி உரிமையும் உண்டு. ஆனால் அது அனுமதிக்கு ஈடாகாது.

“உருமாற்றிவிட்டால் புதுப் படைப்புதானே?” என்பவர்களுக்கு லின் கோல்ட்ஸ்மித்தின் கதையைச் சொல்வேன். ராக் இசைக் கலைஞர்களைப் படமெடுத்துப் பெயர் பெற்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் அவர். 1981-இல், அப்போதுதான் வெளியே தெரியத் தொடங்கியிருந்த பாடகர் பிரின்ஸைப் படமெடுத்தார். 1984-இல் வேனிட்டி ஃபேர் பத்திரிகை, அதில் ஒன்றை ஓவியர் ஒருவருக்கு மாதிரியாகக் கொடுக்க அனுமதி கேட்டது. 400 டாலர், ஒரே ஒரு முறை பயன்படுத்தலாம், பெயர் போட வேண்டும் என்று பேச்சு. அந்த ஓவியர் ஆண்டி வார்ஹால். ஊதா முகத்துடன் பிரின்ஸ் பத்திரிகையில் வந்தார். வார்ஹால் அதோடு நிற்காமல் அதே புகைப்படத்திலிருந்து இன்னும் 15 படைப்புகள் செய்தார். கோல்ட்ஸ்மித்துக்கு இது தெரியவே தெரியாது. 2016-இல் பிரின்ஸ் இறந்தார். நினைவு இதழ் ஒன்றின் அட்டையில் ஆரஞ்சு நிறப் பிரின்ஸைப் பார்த்தபோதுதான் கோல்ட்ஸ்மித்துக்குத் தெரிந்தது. அதற்காக, வார்ஹாலின் படைப்புகளுக்கு உரிமை கொண்ட வார்ஹால் அறக்கட்டளைக்குப் போனது 10,000 டாலர். கோல்ட்ஸ்மித்துக்குப் பணமும் இல்லை, பெயரும் இல்லை.

இதனால் எழுந்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. 2023 மே மாதம், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு கோல்ட்ஸ்மித் பக்கம் வந்தது. பிரின்ஸைப் பற்றிய பத்திரிகைக்குப் பிரின்ஸின் முகம் வேண்டும்; அந்த வேலையைத்தான் புகைப்படமும் செய்கிறது, ஓவியமும் செய்கிறது; நிறமும் தோற்றமும் மாறியதால் மட்டும் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது என்றார் தீர்ப்பெழுதிய நீதிபதி சோனியா சோட்டோமேயர். மாறுபட்ட தீர்ப்பெழுதிய எலினா கேகன், இது கலையின் கையைக் கட்டிவிடும் என்று கடுமையாக எதிர்த்தார். அவருடைய அச்சத்தை நான் லேசாக எண்ணவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்காமல் கலை ஏது? ஆனால் 1984-இல் ஒருமுறை கேட்க முடிந்தது, 400 டாலர் கொடுக்க முடிந்தது. 2016-இல் கேட்பதற்கு என்ன தடை?

பெரிய பெயர்கள் இல்லாத வழக்கும் உண்டு. ஜிங்னா ஜாங் சிங்கப்பூரைச் சேர்ந்த புகைப்படக்காரர். அவர் எடுத்த ஒரு பெண்ணின் புகைப்படம் 2017-இல் ஹார்ப்பர்ஸ் பஸார் பத்திரிகையின் வியட்நாம் பதிப்பில் வந்தது. லக்ஸம்பர்க்கைச் சேர்ந்த ஓவிய மாணவர் ஒருவர் அந்தப் பெண்ணின் சாய்வையும் பார்வையையும் அப்படியே எடுத்து, இடவலமாகத் திருப்பி வரைந்து, 2022-இல் ஒரு கண்காட்சியில் 1,500 யூரோ பரிசும் வாங்கினார். ஜாங் வழக்குப் போட்டார். அந்தப் புகைப்படத்தில் பாதுகாக்கும் அளவுக்குத் தனித்தன்மை இல்லை என்று முதல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. படமெடுக்கும் எவரையும் அந்தத் தீர்ப்பு புண்படுத்தியிருக்கும். ஒளி எங்கிருந்து விழ வேண்டும், கழுத்து எவ்வளவு திரும்ப வேண்டும், எந்தக் கணத்தில் அழுத்த வேண்டும் என்று முடிவெடுத்ததெல்லாம் அப்போது யார்? 2024 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருத்தி ஜாங்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

எடுத்தவரிடம் கேட்டாயிற்று. படத்தில் இருப்பவரிடம்?

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு உப்பளத் தொழிலாளி. தூத்துக்குடி உப்பளத்தைக் களமாகக் கொண்ட ஒரு நாவலுக்கு அட்டை செய்துகொண்டிருந்தேன். அளத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணின் படம் இணையத்தில் கிடைத்தது. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு, பின்னால் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், கூச்சத்தில் இடுங்கிய கண்கள். நாவலே அந்த முகத்தில் இருந்தது. படமெடுத்தவரைத் தேடிப் பிடித்து எழுதினேன். அலுவலக வேலையில் இருப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு கிளம்புகிறவர். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. “அந்த அம்மாட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன் மேடம்” என்றார். சில நாள் கழித்து அழைத்தார். “மூஞ்சி வேண்டாம்னு சொல்லுதாவ மேடம். மவளுக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்காவளாம். கையப் போட்டுக்கிடுங்கன்னாவ.”

அன்று எடுத்த மற்றப் படங்களையும் அனுப்பினார். அதில் கைகள் இருந்தன. விரல் இடுக்குகளில் உப்பு அரித்த வெடிப்புகள், நகத்தைச் சுற்றி வெளுத்த தோல், கட்டைவிரலில் சுற்றிய துணி. அந்த அட்டை கைகளோடுதான் வெளிவந்தது. முகத்தைப் போட்டிருந்தால் இவ்வளவு பேசியிருக்காது என்று நான் நம்புகிறேன். பதிப்பாளர் கொடுத்த படக்கட்டணத்தை அந்த அம்மாவுக்கே கொடுத்துவிடும்படி புகைப்படக்காரர் சொல்லிவிட்டார்.

ஒருவரின் உருவத்தை அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்கோ வேறு காரியத்துக்கோ பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று நம் உச்ச நீதிமன்றம் 1994-இலேயே சொல்லியிருக்கிறது. சொன்னது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான்: கொலை வழக்கில் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றி நக்கீரன் இதழின் ஆசிரியர் தொடுத்த வழக்கு.

கேட்டால் கைக்கு வேறொன்றும் வரும். சமூக வலைத்தளத்திலிருந்து இறக்கிய படம் பெரும்பாலும் 1080 பிக்சல் அகலம்தான் இருக்கும். ஐந்தரைக்கு எட்டரை அங்குல அட்டையைத் தெளிவாக அச்சடிக்க அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 1650-க்கு 2550 பிக்சல் வேண்டும். இழுத்துப் பெரிதாக்கினால் முகம் குழம்பிப்போகும். எடுத்தவரிடமோ 6000-க்கு 4000 அளவில் மூலக்கோப்பு இருக்கும். திருடிய படத்தில் அந்தத் தரம் எப்படி வரும்?

எப்படிக் கேட்பது என்று இளையவர்கள் தயங்குகிறார்கள். நான் அனுப்புவது இவ்வளவுதான்:

“வணக்கம். நான் புத்தக அட்டை வடிவமைப்பாளர். நீங்கள் எடுத்த இந்தப் படத்தை (இணைத்திருக்கிறேன்) ஒரு தமிழ் நாவலின் அட்டையில் பயன்படுத்த விரும்புகிறேன். பின்னணியை நீக்கி, நிறத்தை மங்கலாக்கி, வேறொரு வானத்தோடு சேர்ப்பேன். மாதிரி ஒன்றும் இணைத்துள்ளேன். முதல் பதிப்பு 500 பிரதிகள். மின்னூலிலும் விளம்பரத்திலும் இதே அட்டை வரும். உள்பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கும். கட்டணம் எவ்வளவு என்று சொல்லுங்கள். படத்தில் இருப்பவரின் சம்மதத்தையும் கேட்டுச் சொன்னால் நன்று. விருப்பமில்லை என்றாலும் தயங்காமல் தெரிவியுங்கள்.”

என்ன மாற்றப் போகிறோம் என்று சொல்வது முக்கியம். தன் படத்தைத் தருவதற்குச் சம்மதிக்கிறவர், அதில் உள்ளவரின் தலையை வெட்டி இன்னொரு உடலில் ஒட்டச் சம்மதிக்க மாட்டார். பதில் வந்ததும் அதைப் பத்திரப்படுத்துங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு, எந்தெந்தப் பயன்பாட்டுக்கு என்பது எழுத்தில் இருக்கட்டும். பதிலே வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு படம் தேடலாம். இல்லாவிட்டால் நாமே போய் எடுக்கலாம்.

எடுத்தவர் யாரென்றே தெரியாத படங்கள் உண்டு. வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தில், எடுத்த கேமரா, தேதி போன்ற விவரங்கள் கழன்றுவிடும். கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் பல நேரம் மூலம் அகப்பட்டுவிடும். அகப்படாவிட்டால் நான் விட்டுவிடுகிறேன்.

கேட்கும் வேலையே இல்லாமல், எடுத்தவரே முன்கூட்டி அனுமதி கொடுத்துவிட்ட படங்களும் ஏராளம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இதற்காகவே இருக்கின்றன. விக்கிமீடியா காமன்ஸில் நம் ஊர்க் கோயில்களும் பறவைகளும் சந்தைகளும் இப்படிக் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள நிபந்தனையைப் படிக்க வேண்டும். சிசி0 என்றால் தடையே இல்லை. பிஒய் என்றால் பெயர் போட வேண்டும். என்சி என்றால் வணிகத்துக்கு ஆகாது. என்டி என்றால் மாற்றிய வடிவத்தை வெளியிடக் கூடாது, ஆக எங்கள் வேலைக்கு உதவாது. எஸ்ஏ என்றால் அதிலிருந்து நீங்கள் உருவாக்கியதையும் அதே நிபந்தனையில் மற்றவர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

சொற்களைத் தட்டினால் படம் செய்துதரும் செயலிகள் இப்போது வந்துவிட்டன. இணையத்திலிருந்து அள்ளிய கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு பழக்கப்பட்டவை அவற்றில் பல. தன் படங்களை அனுமதியின்றி எடுத்ததாக, புகைப்படங்களுக்கு உரிமம் விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம் 2023-இல், அப்படி ஒரு செயலியைச் செய்த ஸ்டெபிலிட்டி ஏஐ மீது வழக்குத் தொடுத்தது. யாரிடம் கேட்பது என்றே தெரியாத ஒரு முகத்தை அட்டையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் ஆசிரியர், விலை, அச்சகம், அட்டை வடிவமைப்பு என்று எல்லாம் போடுகிறீர்கள். அதற்குக் கீழே ‘அட்டைப் புகைப்படம்’ என்று ஒரு வரி சேருங்கள். டிசைனரிடம் அந்தப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெயர் இல்லை என்று அவர் சொன்னால், அட்டையை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.