யாருக்குப் பரிசு? ரன் குவித்தவருக்கா, விக்கெட் வீழ்த்தியவருக்கா?

அலங்காநல்லூர் வாடிவாசலில் சிறந்த வீரர் யார்? கணக்கு எளிது. அதிகக் காளைகளை அடக்கியவர் எவரோ, அவருக்கே முதல் பரிசு. வெறும் பரிசா? கார்!

எண்ணிக் கொடுக்கிற அந்தப் பரிசிலும் தகராறு வராமல் இல்லை. 2024-ம் ஆண்டு பொங்கலின்போது 18 காளைகளை அடக்கியவருக்கு முதல் பரிசு கிடைத்தது. 17 காளைகளை அடக்கி இரண்டாவதாக வந்தவர், தீர்ப்பு சரியில்லை என்று முறையிட்டார். ஒரே ஒரு காளைதான் வித்தியாசம்!

காளையை எண்ணுவதிலேயே இந்தப் பாடு என்றால், கிரிக்கெட்டில் கேட்க வேண்டுமா? ஒருவர் மட்டை பிடிக்கிறார். மற்றொருவர் பந்து வீசுகிறார். இருவரில் யார் பெரியவர்? நெல்லைப் படியால் அளக்கலாம். மல்லிகைச் சரத்தை முழத்தால் அளக்கலாம். இரண்டையும் ஒரே கோலால் அளப்பது எப்படி?

இந்தப் பேச்சு மதுரைக்குப் புதிது அல்ல. வைகை வற்றினால் மணலில் மூன்று குச்சியை நட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். கண்மாய் காய்ந்தால் அதுவே மைதானம். ஊர்ப் போட்டியில் 'தொடர் நாயகன்' கோப்பை ரன் அடித்தவர் கைக்குப் போனால், வெயிலில் ஓடி ஓடிப் பந்து வீசியவர் முகம் வாடிவிடும். ஊரில் நடப்பதுதான் நாட்டிலும் நடக்கிறது.

உம்ரிகர் யார்?

இந்தியக் கிரிக்கெட் வாரியம் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு சிறந்த ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுக்கிறது. அதற்குப் பாலி உம்ரிகர் விருது என்று பெயர்.

யார் இந்த உம்ரிகர்? அதைத் தெரிந்துகொள்ள 1952-ம் ஆண்டு சென்னைக்குப் போக வேண்டும்.

இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-ல். இருபது ஆண்டுகள் ஆகியும் ஒரு டெஸ்டில்கூட வெற்றி இல்லை! 1952 பிப்ரவரியில் சேப்பாக்கம் மைதானத்தில்தான் அந்தக் குறை தீர்ந்தது. இங்கிலாந்து அணி ஓர் இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் தோற்றது. அந்த ஆட்டத்தில் உம்ரிகர் கடைசிவரை ஆட்டம் இழக்காமல் 130 ரன் எடுத்தார்.

ஆனால், அதே ஆட்டத்தில் வினு மன்காட் என்ன செய்தார் தெரியுமா? முதல் இன்னிங்ஸில் 8 விக்கெட், இரண்டாவது இன்னிங்ஸில் 4 விக்கெட். ஆக மொத்தம் 12 பேரை வீட்டுக்கு அனுப்பினார்! ஆட்ட நாயகன் பரிசு அந்தக் காலத்தில் கிடையாது. இருந்திருந்தால் அது மன்காட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும்.

உம்ரிகரும் லேசான ஆள் இல்லை. 59 டெஸ்ட் ஆடியவர். டெஸ்டில் இரட்டைச் சதம் அடித்த முதல் இந்தியர். சுழற்பந்தும் வீசுவார். 2006-ல் அவர் காலமானார். 2006-07 பருவத்துக்கான விருது முதற்கொண்டு அவர் பெயர் வழங்கி வருகிறது.

ஆறு ஆண்டும் மட்டைக்கே!

இனி விருதுப் பட்டியலைப் பார்ப்போம். டெண்டுல்கர், சேவாக், கம்பீர், மறுபடியும் டெண்டுல்கர், டிராவிட், கோலி. முதல் ஆறு ஆண்டும் இவர்களுக்கே! ஐந்து பேரும் மட்டை வீரர்கள். பந்து வீச்சாளர் ஒருவர்கூட இல்லை.

ஏழாவது ஆண்டான 2012-13-ல்தான் கதவு திறந்தது. திறந்தவர் நம் தமிழ்நாட்டு அஸ்வின்.

அந்தப் பருவத்தில் ஆஸ்திரேலியா இங்கே வந்து நான்கு டெஸ்டிலும் தோற்றது. அஸ்வின் எடுத்தது 29 விக்கெட். சென்னை டெஸ்டில் மட்டும் 12 விக்கெட்! அப்படியும் அந்தச் சென்னை ஆட்டத்தின் நாயகன் பரிசு அவருக்கு இல்லை. 224 ரன் அடித்த தோனிக்குப் போயிற்று. தோனி அடித்த அடியைப் பார்த்தவர்கள் அதைக் குறை சொல்லமாட்டார்கள். இருந்தாலும், 12 விக்கெட் எடுத்தவன் இன்னும் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே.

ரன் கண்ணுக்குத் தெரிகிறது. நூறு என்றால் ஒரு முழு எண். மட்டையைத் தூக்கிக் காட்டினால் கூட்டமே எழுந்து கைதட்டும். பந்து வீச்சாளரின் உழைப்போ சிறுகச் சிறுகச் சேர்வது. பத்து ஓவர் பொறுமையாக வீசி மட்டை வீரரைத் தவிக்க விடுவார். விக்கெட் அடுத்தவர் பந்தில் விழும்! ஆனால் ஒன்று. டெஸ்டில் ரன்னை மலையாகக் குவித்தாலும், எதிரணியின் 20 விக்கெட்டையும் சாய்க்காமல் வெற்றி கிடைப்பது அரிது.

உலகம் ஒன்று, வாரியம் ஒன்று

பெரிய சர்ச்சை 2016-ம் ஆண்டைப் பற்றியது.

அந்த டிசம்பரில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில், உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று அஸ்வினைத் தேர்ந்தெடுத்தது. டிராவிட், டெண்டுல்கருக்குப் பிறகு அந்தப் பெருமையைப் பெற்ற மூன்றாவது இந்தியர் அவர். கணக்கில் எடுத்துக்கொண்ட ஓராண்டில் 8 டெஸ்டில் 48 விக்கெட்டும் 336 ரன்னும் எடுத்திருந்தார்.

மூன்று மாதம் கழிந்தது. 2017 மார்ச்சில் பெங்களூரில் இந்திய வாரியத்தின் விழா. 2015-16-க்கான உம்ரிகர் விருது யாருக்கு? விராட் கோலிக்கு! உலகத்தில் முதல்வர், சொந்த வீட்டில் இரண்டாமவரா என்று ரசிகர்கள் கேட்டதில் வியப்பில்லை.

கோலிக்கும் வலுவான கட்சி உண்டு. 2016 ஜனவரியில் ஆஸ்திரேலியா போய் ஐந்து ஒருநாள் ஆட்டங்களில் 381 ரன் எடுத்தார். இருபது ஓவர் உலகக் கோப்பையில் தொடர் நாயகனும் அவரே. இரண்டு கணக்குகளின் கால வரையறையும் அச்சாக ஒன்றல்ல.

அதே 2016 ஜூலையில் மேற்கிந்தியத் தீவுகளின் ஆன்டிகுவாவில் ஒரு டெஸ்ட் நடந்தது. கோலி 200 ரன் அடித்தார். அஸ்வின் 113 ரன் அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 7 விக்கெட்டையும் வீழ்த்தினார். ஆட்ட நாயகன் அஸ்வின்! அந்தத் தொடருக்காகத் திலீப் சர்தேசாய் விருதை வாரியம் அவருக்குக் கொடுத்தது. ஆனாலும் பெரிய விருது பெரிய விருதுதான். டெஸ்ட் ஆட்டமே உரைகல் என்றால், அந்த ஆண்டு தராசு அஸ்வின் பக்கமே தாழ்கிறது.

காற்று திரும்பியது

பிறகு நிலைமை மாறியது. 2018-19 முதல் 2023-24 வரை ஆறு ஆண்டுகள். பும்ரா, ஷமி, அஸ்வின், பும்ரா, கில், பும்ரா. இதில் சுப்மன் கில் ஒருவர்தான் மட்டை வீரர்! அஸ்வினுக்கு இரண்டாவது முறையாக 2020-21-க்கான விருது கிடைத்தது. கொரோனாவால் விழா தடைப்பட்டிருந்ததால், நான்கு ஆண்டுப் பரிசுகளை 2024 ஜனவரியில் ஹைதராபாத்தில் ஒரே மேடையில் வழங்கினார்கள்.

2023-24-ல் போட்டி கடுமை. கோலி, ஒரே உலகக் கோப்பையில் 765 ரன் எடுத்துச் சாதனை படைத்தார். ஷமி அதே கோப்பையில் ஏழே ஆட்டத்தில் 24 விக்கெட் எடுத்தார். இளைஞர் ஜெய்ஸ்வால், இங்கிலாந்துக்கு எதிராக 712 ரன் குவித்தார். பரிசு பும்ராவுக்குப் போனது. சரிதானா? விசாகப்பட்டினம் டெஸ்டையே பாருங்கள். ஜெய்ஸ்வால் 209 ரன் அடித்தார். பும்ரா 9 விக்கெட் எடுத்தார். ஆட்ட நாயகன் பும்ரா. 1952-ல் மன்காட்டுக்குக் கிடைக்காத நீதி!

மதுரை ரசிகர்களுக்கு இதில் தனி மகிழ்ச்சி உண்டு. 2018-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கோப்பையை மதுரை அணி வென்றபோது, அந்த அணியில் சுழற்பந்து வீசியவர் வருண் சக்கரவர்த்தி. கட்டடக் கலை படித்த பிள்ளை. அதே வருண் 2025 மார்ச்சில் துபாயில் நியூசிலாந்தின் 5 விக்கெட்டைச் சாய்த்து ஆட்ட நாயகன் ஆனார்.

பெண்கள் அணியிலும் இதே விவாதம்தான். வாரியத்தின் சிறந்த வீராங்கனை விருதை 2019-20-க்கும் 2022-23-க்கும் தீப்தி சர்மா பெற்றார். 2020-21, 2021-22, 2023-24 ஆண்டுகளுக்கு ஸ்மிருதி மந்தனா பெற்றார். ஸ்மிருதி மட்டையால் அசத்துபவர். தீப்தியோ இரண்டு வேலையும் பார்ப்பவர்.

2025 நவம்பர் 2-ம் தேதி நவி மும்பையில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். தென்னாப்பிரிக்காவை வென்று நம் பெண்கள் முதன்முறையாகக் கோப்பையைத் தூக்கினார்கள். ஷபாலி வர்மா 87 ரன் எடுத்து, 2 விக்கெட்டும் வீழ்த்தினார். தீப்தி 58 ரன் எடுத்து, 5 விக்கெட்டைச் சாய்த்தார். ஆட்ட நாயகி பரிசு ஷபாலிக்கு. போட்டி முழுவதிலும் 22 விக்கெட்டும் 215 ரன்னும் எடுத்த தீப்திக்குத் தொடர் நாயகி பரிசு.