வீட்டிலேயே பூட்டும் விளையாட்டுக் கணினி

அரக்கோணம் சந்திப்பில் நின்று ரயில்களைப் பார்த்திருக்கிறீர்களா? 1856ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதையில் உள்ள ஊர் இது. ஒரு ரயிலை அமைக்கும்போது, "இருப்பதிலேயே பெரிய எஞ்சின் எது?" என்று எவரும் முதலில் கேட்பதில்லை. எத்தனை பெட்டிகள், எவ்வளவு சுமை, எந்தப் பாதை என்று பார்த்த பிறகே எஞ்சினைத் தேர்ந்தெடுப்பார்கள்.

கணினி வாங்கப் போகும் நம் பிள்ளைகளோ நேர் எதிராகச் செய்கிறார்கள். எஞ்சின் பெயரை மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போகிறார்கள். அப்பா சீட்டு எடுத்த பணம், அம்மா சேர்த்து வைத்த பணம் எல்லாம் ஒரே நாளில் செலவாகிறது. பிறகு ஒரு பாகம் இன்னொன்றோடு பொருந்தாமல் போனால் விழிக்க வேண்டியதுதான். அப்படி விழிக்காமல் இருக்க, கணக்கை முதலில் போட்டுப் பார்ப்போம்.

முதல் கேள்வி, உங்கள் திரை எது? சாதாரண மானிட்டர் ஒன்றில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் இருக்கும். பெருக்கிப் பாருங்கள்: 20,73,600 புள்ளிகள். விளையாட்டு வழுக்கிக்கொண்டு ஓட, விநாடிக்கு 60 படங்களாவது வரைய வேண்டும். அப்படியானால் விநாடிக்குப் பன்னிரண்டு கோடியே நாற்பத்து நான்கு லட்சம் புள்ளிகளுக்கு மேல் நிறம் கணக்கிட வேண்டும்! ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி விநாடி மட்டுமே. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள். பின்னால் வேறோர் இடத்தில் வரும். '4கே' எனப்படும் திரையில் புள்ளிகள் சரியாக நான்கு மடங்கு. ஆகவே வேலையும் ஏறத்தாழ நான்கு மடங்காகும். முதல் கணினிக்கு 1080 திரையே போதும் என்பது என் கருத்து.

இந்த வேலையைச் செய்வது யார்? ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ காலணித் தொழிற்சாலைக்குள் போயிருந்தால் எளிதில் புரியும். மாதிரியை வரைந்து, எந்தத் தோலை எப்படி வெட்டுவது என்று முடிவு செய்பவர் ஒரு சிலரே. தைப்பவர்களோ வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் சிறு வேலை. எல்லாரும் ஒரே நேரத்தில் செய்வார்கள். கணினியின் பிராசஸர் அந்த மாதிரி வரைபவரைப் போன்றது. கிராபிக்ஸ் கார்டு தையல் வரிசையைப் போன்றது. 2022இல் வந்த 'ரைசன் 5 5600' பிராசஸரில் 6 மூளைகள் உள்ளன. 2021இல் வந்த 'ஆர்.டி.எக்ஸ். 3060' கார்டிலோ 3,584 சிறு கணக்கிடும் அலகுகள்! மாதிரி வராமல் தையல்காரர்கள் சும்மா இருந்தாலும் நட்டம், தைக்க ஆளில்லாமல் மாதிரிகள் குவிந்தாலும் நட்டம். விளையாட்டுக்கான கணினியில் கார்டுக்கே பெரும் பங்கு பணம் போக வேண்டும். ஆனால் மிகப் பழைய பிராசஸரோடு மிகப் புதிய கார்டைச் சேர்ப்பதும் வீண்.

கையில் பணம் குறைவு என்றால்? அதற்கும் வழி உண்டு. '5600ஜி' போன்ற சில பிராசஸர்களுக்குள்ளேயே படம் வரையும் பகுதி அடங்கியிருக்கிறது. தனிக் கார்டு இல்லாமலே எளிய விளையாட்டுகளை ஆடலாம். ஓராண்டு கழித்துப் பணம் சேர்ந்ததும் கார்டு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். இங்கே ஓர் எழுத்தைக் கவனியுங்கள். 'ஜி' இல்லாத 5600 பிராசஸருக்குள் அந்தப் பகுதி கிடையாது. கார்டு இல்லாமல் அதை வாங்கி வந்தால் திரையில் இருட்டுதான் தெரியும். ஒரே ஓர் எழுத்து!

பொருத்தம் பார்த்தல்

கல்யாணத்துக்கு மட்டுமா பொருத்தம் பார்க்க வேண்டும்? மதர்போர்டுக்கும் பிராசஸருக்கும் கட்டாயம் பார்க்க வேண்டும். பிராசஸர் உட்காரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி. நிறுவனத்தின் 'ஏ.எம். 4' சாக்கெட்டில் மேற்சொன்ன 5600 உட்காரும். 2022இல் வந்த 'ஏ.எம். 5' சாக்கெட்டில் உட்காராது. ஏ.எம். 4இல் மெல்லிய ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கும்; ஏ.எம். 5இல் அவை போர்டில் இருக்கும். ஊசி ஒன்று வளைந்தாலும் தொல்லை. அழுத்திச் செருகாதீர்கள், சரியாக வைத்தால் தானே இறங்கி உட்காரும்.

ராமிலும் இதே கதை. டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 இரண்டிலும் 288 தொடுமுனைகள்தாம். ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது. 16 ஜி.பி. வாங்குவதானால் ஒரே பட்டையாக வாங்காமல் 8 ஜி.பி. பட்டை இரண்டாக வாங்குவது நல்லது. ஒரு பாதையில் போன தரவு இரண்டு பாதைகளில் போகும். டி.டி.ஆர். 4-3200 வகையில் ஒரு பட்டை விநாடிக்கு 25.6 ஜி.பி. தரும், இரண்டு பட்டைகள் 51.2 ஜி.பி. தரும். தனிக் கார்டு இல்லாத கணினியில் இதன் பலனைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஏனெனில் படம் வரையும் பகுதியும் இதே ராமைத்தான் நம்பியிருக்கிறது. கடைக்குப் போகும் வாரத்தின் விலையைக் கேட்டுக்கொண்டு போங்கள். 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களுக்காக நினைவகச் சில்லுகள் வாங்கிக் குவிக்கப்பட்டதால் ராம் விலை கடுமையாக ஏறியது. முந்தைய ஆண்டின் பட்டியலை நம்பிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

சேமிப்புக்கு எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில், வேண்டிய இடம் முள்ளின் கீழே சுழன்று வரவே சராசரியாக 4 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவும் இல்லை. விளையாட்டு விரைவில் திறக்கும். படங்களின் எண்ணிக்கை மட்டும் இதனால் கூடிவிடாது.

எவரும் பார்க்காத பெட்டி

இனி, கடைக்காரர் "இது இலவசம் தம்பி" என்று சொல்லும் பொருளுக்கு வருவோம். கேபினெட்டுடன் சேர்ந்தே வரும் எஸ்.எம்.பி.எஸ். அது. என் முதல் கணினியில் அப்படி ஒன்றைத்தான் வைத்திருந்தேன். ஒரு கத்திரி வெயில் மாலையில் 'பட்' என்று ஒரு சத்தம், பிறகு கருகிய நாற்றம். எஸ்.எம்.பி.எஸ். மட்டும் போயிருந்தால் கவலையில்லை. மதர்போர்டையும் கூடவே கொண்டுபோய்விட்டது.

இந்தப் பெட்டி என்ன செய்கிறது? அரக்கோணத்தில் நிற்கும் மின்சார எஞ்சினின் தலைக்கு மேலே 25,000 வோல்ட் கம்பி ஓடுகிறது. மோட்டார்கள் அதை அப்படியே ஏற்கா. எஞ்சினுக்குள் உள்ள பெரிய டிரான்ஸ்ஃபார்மர் அதைக் குறைத்துக் கொடுக்கிறது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். பிராசஸரும் கார்டும் கேட்பதோ 12 வோல்ட். எஸ்.எம்.பி.எஸ். முதலில் மாறுமின்னோட்டத்தைச் சுமார் 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக்குகிறது. பிறகு அதை விநாடிக்குப் பல்லாயிரம் முறை துண்டு துண்டாக வெட்டிச் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியே அனுப்புகிறது. அதிர்வெண் கூடினால் டிரான்ஸ்ஃபார்மரின் அளவு குறையும். இவ்வளவு சிறிய பெட்டிக்குள் எல்லாம் அடங்கியதற்கு அதுவே காரணம். மலிவான பெட்டிகளில் பல வேளை பாதுகாப்புச் சுற்றுகளை விட்டுவிடுவார்கள். ஏதாவது பழுதானால் கூடுதல் மின்னழுத்தம் நேரே போர்டுக்குப் பாயும்.

எத்தனை வாட் வேண்டும்? கார்டு 170, பிராசஸர் 65, மற்றவை எல்லாம் சேர்ந்து 65 என்று வையுங்கள். மொத்தம் 300 வாட். 12 வோல்ட்டில் இது 25 ஆம்பியர்! கார்டின் தேவை நொடிக்கு நொடி துள்ளும் என்பதால் தயாரிப்பாளரே 3060 கார்டுக்கு 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். பரிந்துரைக்கிறார். '80 பிளஸ்' முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். நூற்றுக்கு 80 திறனுள்ள பெட்டி 300 வாட் கொடுக்கச் சுவரிலிருந்து 375 வாட் எடுக்கும். 75 வாட் வெப்பமாகும். 65 திறனுள்ளது 461 வாட் எடுத்து 161 வாட்டை வெப்பமாக்கும். மின் கட்டணமும் உங்களுடையது, வியர்வையும் உங்களுடையது.

மின்சாரம் நின்று இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கணத்தில் என்ன ஆகும்? நல்ல எஸ்.எம்.பி.எஸ். தன் கெப்பாசிட்டரில் உள்ள மின்னேற்றத்தைக் கொண்டு சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்கும். ஆம், ஒரு படம் வரையும் நேரந்தான்! இன்வெர்ட்டர் அதற்குள் மாறாவிட்டால் கணினி அணைந்துவிடும். இன்வெர்ட்டரில் 'யு.பி.எஸ்.' நிலைக்கான பொத்தான் இருந்தால் அதில் வையுங்கள்.

வெயில்

பெங்களூர்க்காரர் எழுதிய பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு சில்லின் சூடு என்பது அறையின் சூட்டோடு அது தானாக ஏற்றிக்கொள்ளும் சூடும் சேர்ந்தது. 26 டிகிரி அறையில் 76 டிகிரியில் நிற்கும் பிராசஸர், நம் வைகாசி மாதத்து 40 டிகிரி அறையில் 90ஐத் தொடும். அந்த எல்லையில் தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், விளையாட்டு திக்கும். கெப்பாசிட்டருக்கு இன்னும் மோசம். சூடு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையாளும் கணக்கு.

ஆகவே, முன்பக்கம் கண்ணாடியிட்டு வண்ண விளக்குகள் மினுக்கும் கேபினெட்டைவிட, முன்னால் கம்பி வலை உள்ள கேபினெட்டே நமக்கு ஏற்றது. முன்னால் காற்றை இழுக்க ஒரு விசிறி, பின்னால் வெளியே தள்ள ஒரு விசிறி. வண்ண விளக்குப் பணத்தை எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குத் திருப்பிவிடுங்கள்.

வாங்கவும் பூட்டவும்

அரக்கோணத்திலிருந்து சென்னை சென்ட்ரல் 69 கிலோமீட்டர். மின்சார ரயிலில் இறங்கி, கூவத்தைத் தாண்டி, அண்ணா சாலைக்கு அருகே உள்ள ரிச்சி தெருவுக்குப் போய்விடலாம். நான்கு கடைகளில் விலை கேளுங்கள். 18 சதவீத வரி சேர்த்த விலையா என்று கேளுங்கள். "பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பில் இல்லாமல் வாரண்டி கேட்க முடியாது. பழைய கார்டு மலிவாகக் கிடைத்தால் அதன் வரலாற்றைக் கேளுங்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, இரவும் பகலும் கணக்குப் போட்டுக் களைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன.

வீட்டில் மர மேசையின் மேல் பூட்டுங்கள். தொடங்கும் முன் கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு, உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். மூன்று முள் பிளக்கில் எர்த் உண்மையில் இணைந்திருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்த பிறகே சுவிட்சைப் போடுங்கள்.

விசிறிகள் சுற்றுகின்றன, திரையில் மட்டும் ஒன்றும் தெரியவில்லையா? பதறாதீர்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகியிருப்பீர்கள். கழற்றிக் கார்டில் செருகுங்கள். அப்போதும் இருட்டென்றால், ராம் பட்டைகளை எடுத்து, 'டக்' என்று ஓசை கேட்கும்வரை மீண்டும் அழுத்துங்கள்.