தேய்மானமா, கிருமியா?

1970-ல் பிரான்ஸைச் சேர்ந்த போஸ்தெல், கெர்புல் என்ற இரு எலும்பு மருத்துவர்கள் விசித்திரமான ஓர் இடுப்பு மூட்டுத் தேய்மானத்தைப் பற்றி எழுதினார்கள். வழக்கமாகத் தேய்மானம் முற்றப் பல ஆண்டுகள் பிடிக்கும். இந்த நோயாளிகளுக்கோ சில மாதங்களிலேயே தொடை எலும்பின் பந்து போன்ற தலை கரைந்துபோயிருந்தது. சீழ் பிடித்து அழிந்த மூட்டும் எக்ஸ்ரேயில் ஏறத்தாழ இப்படித்தான் தெரியும்.

இரண்டையும் பிரித்தறிவது முக்கியம். தேய்மானம் என்றால் செயற்கை மூட்டு பொருத்தி நடக்க வைத்துவிடலாம். கிருமி இருக்கும் இடத்தில் அதே மூட்டைப் பொருத்தினால், பாக்டீரியா அதன்மேல் மெல்லிய படலம் கட்டிப் பதுங்கிக்கொள்ளும். மருந்து அங்கே எளிதில் எட்டாது. கடைசியில் பொருத்திய மூட்டையே கழற்ற வேண்டிவரும்.

காய்ச்சல், படுத்தாலும் ஓயாத வலி, காலைச் சற்று அசைத்தாலே துடித்துப்போவது ஆகியவை தொற்றின் பக்கம் கைகாட்டுபவை. ஆனால் முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் காய்ச்சலே வராமல் இருக்கலாம். இந்தியாவில் காசநோயையும் மறக்க முடியாது. எலும்பைத் தாக்கும் காசநோய் முதுகெலும்புக்கு அடுத்தபடி அதிகம் குறிவைக்கும் இடங்களில் இடுப்பும் ஒன்று. அது மாதக்கணக்கில் மெல்ல அரிக்கும். தேய்மானம் என்று நம்பி வலி மாத்திரையிலேயே காலத்தை ஓட்டுகிறவர்கள் இருப்பது வேதனையான உண்மை.

எது என்று பிரித்தறிய, முதலில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரு ரத்தப் பரிசோதனைகள். இரண்டும் சரியாக இருந்தால் தொற்றுக்கான வாய்ப்பு குறைவு. கூடியிருப்பதால் மட்டுமே தொற்று உறுதியாகிவிடாது. முடக்குவாதத்திலும் அவை ஏறும்.

சந்தேகம் நீடித்தால் மூட்டு நீரை ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும். இடுப்பு மூட்டு தசைக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால், அல்ட்ராசவுண்ட் அல்லது எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி ஊசியைச் செலுத்துவார்கள். ஒரு மைக்ரோலிட்டர் நீரில் வெள்ளை அணுக்கள் 50,000-ஐத் தாண்டினால் சீழ் மூட்டு என்ற சந்தேகம் வலுக்கும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் எந்தக் கிருமி என்று தெரிய சில நாள்கள் ஆகும். காசநோய்க் கிருமி வளர 6 முதல் 8 வாரங்கள்கூட ஆகலாம்; ஜீன்எக்ஸ்பர்ட் சோதனை சுமார் 2 மணி நேரத்தில் முடிவு தரும். அதிலும் சிக்காதபோது திசுத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள்.

நீர் எடுக்கும் முன்பே ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் கிருமி கல்ச்சரில் வளராமல் தப்பிவிடலாம். எனவே சாப்பிட்ட மாத்திரைகளையெல்லாம் மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்வது அவசியம். நோயாளியின் உடல்நிலை அபாயத்தில் இல்லையென்றால், முடிவு வரும்வரை செயற்கை மூட்டு பொருத்தும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

தொற்று உறுதியானால் பெரும்பாலும் இரண்டு கட்டமாக அறுவை நடக்கும். முதலில் கெட்ட திசுக்களை நீக்கி, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்ட்டால் ஆன தற்காலிக மூட்டை வைப்பார்கள். கிருமி ஒழிந்ததற்கான அடையாளங்கள் தெரிந்த பிறகே நிரந்தர மூட்டு.